கூண்டில் நின்ற எத்தன்

கேள்வி: கியூபாவின் வானொலி நகைச்சுவை நடிகர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

பதில்: லியோபோல்டோ ஃபெர்னாண்டஸ். 1942இல் ஹவானாவில் தொடங்கிய ‘லா ட்ரெமெண்டா கோர்த்தே’ என்ற நீதிமன்ற நாடகத்தில் அவர்தான் ‘த்ரெஸ் பதீனெஸ்’. ஒவ்வொரு முறையும் யாரையாவது ஏமாற்றிவிட்டுக் கூண்டில் வந்து நிற்கும் எத்தன். புகார் கொடுப்பவர் பெரும்பாலும் நனனீனா, இல்லாவிட்டால் ஸ்பெயின்காரர் ருதெசிந்தோ. என்ன கேட்டாலும் வார்த்தையைப் புரட்டிப் போட்டு நீதிபதியையே திணறடிப்பான். தண்டனை மட்டும் தப்பாது. அதையும் நீதிபதி எதுகையோடு பாட்டாகவே சொல்வார்! நீதிபதியாக வந்த அனிபல் தெ மாரின் கண்டிப்பான குரல் இல்லையென்றால் அந்தச் சிரிப்பில் பாதி இல்லை. எழுதியவர் காஸ்தோர் விஸ்போ. அவரைப் பலரும் மறந்துவிட்டது எனக்கு ஆதங்கம்தான். புரட்சிக்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறிய ஃபெர்னாண்டஸ், 1985இல் மயாமியில் காலமானார். லத்தீன் அமெரிக்க வானொலிகள் அந்தப் பழைய பதிவுகளை அதன் பிறகும் விடாமல் ஒலிபரப்பின.