கேட்டபின் தீர்ப்பு

முன்னுரை

பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு வினாவேனும் எழுப்பினானில்லை. சிலம்பின் உள்ளிருப்பது முத்தா, மாணிக்கமா என்று முன்னரே திறந்து பார்த்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஓர் அரசும் பிழைத்திருக்கும். சிலப்பதிகாரத்தின் இப்பகுதியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்றோம். எனினும், நம் மாணவர்மீது குற்றச்சாட்டு எழுகின்றபோது அப்பாடத்தை நாம் கைக்கொள்கின்றோமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கை நீதி

ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் உண்டு. ஆனால், அவ்வதிகாரம் இயற்கை நீதிக்கு உட்பட்டதாகும். தன் வழக்கில் தானே நடுவராக அமர்தல் கூடாது. எதிர்த்தரப்பைக் கேளாது தீர்ப்பளித்தல் கூடாது. இவ்விரண்டும் இயற்கை நீதியின் அடிப்படைகள்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், திரினிட்டி கல்லூரித் தலைவரும் பெரும் மொழியறிஞருமான ரிச்சர்டு பென்ட்லியின் பட்டங்களை 1718ஆம் ஆண்டு பறித்தது. அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புத் தரப்படவில்லை. 1723இல் அந்நாட்டு மன்னர் மன்றம் அம்முடிவைச் செல்லாதென்று கூறிப் பட்டங்களைத் திரும்ப வழங்க ஆணையிட்டது. இறைவனே ஆதமை வினவிய பின்னர்தான் தீர்ப்பளித்தான் என்று நீதிபதி ஒருவர் அவ்வழக்கில் எடுத்துரைத்தார். ஆதம் நபியின் வரலாற்றை அறிந்த நமக்கு அக்கருத்து புதிதன்று. அனைத்தும் அறிந்தவனே வினவினான் எனின், சிறிதளவே அறிந்த நாம் வினவாதிருத்தல் தகுமோ?

இந்திய உச்சநீதிமன்றத்தின் நெறி

உத்தரப்பிரதேசத்தில் 1954ஆம் ஆண்டு இடைநிலைத் தேர்வில் தேர்ச்சியுற்ற மாணவர் மூவர் மேற்படிப்பில் சேர்ந்து பயின்று வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், தேர்வில் முறைகேடு செய்ததாகக் கூறி அவர்தம் தேர்ச்சியைக் கல்வி வாரியம் நீக்கியது. 1955ஆம் ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை விதித்தது. அவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. மாணவரை விசாரிக்க வேண்டுமெனச் சட்டத்தில் வெளிப்படையாகக் கூறப்படாவிடினும், அவர்தம் வாழ்வையே பாதிக்கும் முடிவை எடுப்போர் அவர்களைக் கேட்டே ஆகவேண்டும் என்று அந்நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது.

உரிமையின் எல்லை

இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. இராஞ்சி மருத்துவக் கல்லூரியின் மகளிர் விடுதிக்குள் இரவில் நுழைந்து தகாத முறையில் நடந்ததாக மாணவர் சிலர்மீது 1972இல் புகார் எழுந்தது. விசாரணைக் குழு, மாணவியரின் வாக்குமூலங்களைக் குற்றம் சாட்டப்பட்டோர் இல்லாத வேளையில் பதிவு செய்தது. பின்னர் அம்மாணவர்களை அழைத்து, குற்றச்சாட்டைக் கூறி விளக்கம் பெற்றது. தம் முன்னிலையில் சாட்சியம் பெறவில்லை என்று அவர்கள் முறையிட்டனர். புகார் அளித்தோரின் பாதுகாப்பைக் கருதிய உச்சநீதிமன்றம், 1973இல் கல்லூரியின் நடவடிக்கையை ஏற்றுக்கொண்டது. சூழலுக்கேற்ப விசாரணையின் வடிவம் மாறலாம் என்பதை இத்தீர்ப்பால் அறிகின்றோம். ஆயினும், அங்கும் குற்றச்சாட்டு மறைக்கப்படவில்லை; விளக்கம் கேளாமல் தண்டனையும் வழங்கப்படவில்லை.

நமது கடமை

நடைமுறையில் நிகழ்வது யாது? மன்னிப்புக் கடிதத்தை முதலில் எழுதி வாங்கிவிட்டு, அதனையே குற்றத்தின் சான்றாகக் கொள்ளும் வழக்கம் சிற்சில இடங்களில் உண்டு. பெற்றோரை அழைத்துவரும்வரை வகுப்பிற்கு வரலாகாது என வாய்மொழியாகக் கூறிவிடுவதும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த மாணவன் எதிர்த்து வினவ அஞ்சுவான். கூலி வேலையை விட்டு வந்து நிற்கும் தந்தையோ கைகூப்புவாரேயன்றிக் காரணம் கேட்கமாட்டார். அவர்தம் மௌனத்தை நாம் ஒப்புதலாகக் கொள்ளலாகாது.

குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், விடையளிக்கப் போதிய காலம் தருதல், புகார் அளித்தவரையே விசாரணையாளராக அமர்த்தாமை, முடிவைக் காரணத்துடன் எழுதுதல், மேல்முறையீட்டு வழியை எடுத்துரைத்தல் ஆகிய ஐந்தும் எளிய செயல்களே. இவற்றுக்குப் பொருட்செலவு ஏதுமில்லை. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகள், மாணவர் குறைதீர்க்கும் குழுவையும் அதற்கு மேல் குறைதீர்ப்பாளரையும் ஏற்படுத்தியுள்ளன. இவற்றை மாணவர் அறியச் செய்தல் ஆசிரியர் கடன்.

மாணவர்க்கும் ஒரு சொல். இவ்வுரிமை குற்றத்தை மறைக்கும் திரையன்று. தவறிழைத்தவர் அதனை ஒப்புக்கொள்ளும் துணிவையும் பெறுதல் வேண்டும்.

முடிவுரை

கேட்டபின் அளிக்கும் தண்டனையை மாணவன் திருத்தமாக ஏற்பான். கேளாமல் அளிப்பதனை வாழ்நாள் முழுதும் வடுவாகச் சுமப்பான். சிலம்பு உடைந்த பின்னரே பாண்டியனுக்கு உண்மை தெரிந்தது. நாமோ உடையுமுன் திறந்து பார்ப்போமாக.