நன்றிக் கடிதம் எழுதுகிறோமா?

"இக்காலத்துப் பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதுவதே இல்லை" என்று பெரியோர் குறைப்படுவதைக் கேட்கிறோம். இது உண்மைதானா? உண்மையானால், பிழை யாருடையது?

புதுநன்மை வாங்கிய ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். வெளியூரிலுள்ள அவனுடைய அத்தையே அவனுக்கு ஞானத்தாய். அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்புகிறார். "அத்தைக்கு நன்றி சொன்னாயா?" என்று தாய் கேட்கிறாள். சிறுவன் கைபேசியை எடுத்து, கைகூப்பிய சிறு படமொன்றை அனுப்பிவிட்டு விளையாடப் போய்விடுகிறான். அவன் நன்றி கெட்டவன் அல்லன். ஆனால் கடிகாரம் கைக்குப் பொருந்தியதா, அவன் அதை அணிகிறானா என்பது அத்தைக்குத் தெரியவில்லை. கடை கடையாய் ஏறி இறங்கி வாங்கியவருக்கு அதை அறிய ஆசையிராதா?

அப்படியானால் நன்றிக் கடிதத்தின் இலட்சணம் யாது? அர்ச். சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சிறையிலிருந்த அவருக்கு, பிலிப்பி நகர விசுவாசிகள் தங்களுள் ஒருவர் வழியாக உதவி அனுப்பினார்கள். அவருடைய மறுமொழியில் மூன்று காரியங்கள் காணப்படுகின்றன.

முதலாவது: அனுப்பியது இன்னார் மூலம் வந்து சேர்ந்தது, தமக்குக் குறைவில்லை என்று தெளிவாய்ச் சொல்கிறார்.

இரண்டாவது: முன்பு தெசலோனிக்காவில் இருந்தபோதும் அவர்கள் உதவியதை மறவாமல் குறிப்பிடுகிறார்.

மூன்றாவது: பொருளைக் காட்டிலும், கொடுத்தவர்களுடைய அன்பையும் அவர்களுக்கு வரும் பலனையுமே பெரிதாக மதிக்கிறார்.

இம்மூன்றும் இருந்தால், கைபேசியில் எழுதினாலும் அது நன்றிக் கடிதமே. இவை இல்லையேல், பொன்னெழுத்தில் அச்சடித்த அட்டையும் வெறும் அட்டையே. ஆயினும் கையால் எழுதியதற்குத் தனிச் சிறப்பு உண்டு. வயோதிகர் அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, மனம் சோர்ந்தபோதெல்லாம் எடுத்து வாசிப்பார்கள்.

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 1879-ல் இந்தியாவில் தபால் கார்டு காலணா விலைக்கு வந்தது. 1950-ல் இன்லண்டு கடிதம் வந்தது. தகப்பனார் இன்லண்டை எழுதி முடித்து, ஓரத்தில் இடம் விட்டு, "நீயும் இரண்டு வரி எழுது" என்று பிள்ளையிடம் நீட்டுவார். பிள்ளை கடிதம் எழுதப் பழகியது அப்படித்தான். இன்று பெரியவர்களாகிய நாமே எழுதுவதை விட்டுவிட்டோம். வீட்டில் காணாததைப் பிள்ளை எங்ஙனம் கற்கும்?

நீண்ட கடிதம் வேண்டியதில்லை. அந்தச் சிறுவன் இப்படி எழுதினால் போதும்:

"அன்புள்ள அத்தைக்கு, கடிகாரம் வியாழக்கிழமை வந்தது. வார் சற்றுப் பெரிதாயிருந்தது. அப்பா இன்னொரு துளை போட்டுக் கொடுத்தார். தினமும் அதைப் பார்த்துத்தான் பள்ளிக்குப் புறப்படுகிறேன். போன வருடம் நான் காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் வந்து கூட இருந்ததையும் மறக்கவில்லை. விடுமுறைக்கு அவசியம் வாருங்கள்."

அந்த ஒரு துளையைப் பற்றிய வரிக்காகவே அத்தை இதைப் பத்திரப்படுத்துவார்!

இந்த வாரம் வீட்டில் செய்யவேண்டியது: பெற்றோர் முதலில் தங்களுக்கு உதவிய ஒருவருக்குக் கடிதம் எழுதட்டும். பிள்ளைகள் பார்க்க எழுதட்டும். அடியில் அவர்களுக்கு இரண்டு வரி இடம் விடட்டும்.