நோயாளிக்கு ஓதலும் மருந்தும்

புற்று நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நம் தஞ்சைச் சீமையில் நடப்பது யாவரும் அறிந்ததே. அய்யம்பேட்டையாகட்டும், ராஜகிரியாகட்டும், நலம் விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிப் போவார்கள். கருஞ்சீரகம், தேன், ஓதிய தண்ணீர், நாகூரில் சில நாள் தங்கல், யாரோ ஒருவர் தரும் மெழுகு. இவற்றில் எதை ஏற்பது, எதை விடுவது?

ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் பார்க்கச் சென்று நெஞ்சின் மீது கை வைத்தார்கள். அதோடு விட்டுவிட்டார்களா? வைத்தியம் செய்துவந்த ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படியும் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. ஆறுதலாக வைத்த கையும் வைத்தியரும் அங்கே சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள்.

வாற்கோதுமைக் கஞ்சியான தல்பீனாவைப் பற்றி ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. அது நோயாளியின் மனத்துக்கு இதமளித்துத் துயரத்தில் சிறிது போக்கும் என்பதே அதன் கருத்து. ஓதிப் பார்ப்பதும், துஆவும், வாய்க்கு இதமான கஞ்சியும் இந்த வகையில் பெரும் உதவி. கருஞ்சீரகம் மரணம் தவிர எல்லா நோய்க்கும் மருந்து என்ற ஹதீஸும் ஸஹீஹானதே. ஆனால் அது பொதுச் சொல்லாக வந்திருந்தாலும் குறிப்பிட்ட நோய்களையே கருதும் என்று இமாம் கத்தாபி விளக்கியிருக்கிறார்கள். அதை வைத்து ஆஸ்பத்திரியை விடச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

மார்பில் கட்டியுள்ள பெண்கள் வெட்கத்தாலும், கத்திக்குப் பயந்தும் மாதக்கணக்கில் மெழுகு தின்று காலம் போக்குகிறார்கள். நம்மை வருத்துவது இதுதான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையிலேயே கண்டறியப்பட்டும் மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை, முறையான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டார்கள். முன்னவர்களுக்கு இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்!

மூலிகையை நாம் இழிவாகச் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்துதான் பிள்ளைகளின் இரத்தப் புற்றுக்கான வின்கிரிஸ்டின் எடுக்கிறார்கள். அதை அளந்து நரம்பில் ஏற்றினால் மருந்து. இலையைப் பறித்து மென்றால் நஞ்சு. ரசகந்தி மெழுகில் பாதரசம் சேருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். சித்த மருந்து உண்பதானால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு, புற்று நோய் டாக்டரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்றும் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. அடுத்த வீட்டுக்கு மருந்து சொல்லப் போகும் நாமெல்லாம் இதைப் படித்துவிட்டுப் போகலாமே!

ரமளானில் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு நோன்பை விடச் சலுகை உண்டு. குணமானபின் களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுப்பார். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் ஆகாதென்று டாக்டர் தடுத்தால் தயம்மும்.