பிள்ளையின் தொழில், பெற்றோரின் பொறுப்பு



சென்னைச் சகோதரர்கள் சிரவண் குமரன், சஞ்சய் குமரன் இருவரும் 2011-இல், பள்ளியில் படிக்கும்போதே, கைப்பேசிச் செயலி உருவாக்கும் நிறுவனம் தொடங்கினார்கள். கணினித் துறையில் இருந்த தந்தை துணை நின்றார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் நம் பிள்ளைகளும் அத்தர், மெஹந்தி, பிரியாணி என்று ஆசைப்படுகிறார்கள். நாம் எப்படித் துணை நிற்பது?

சூரா அன்னிஸாவின் 6-ஆம் வசனம், அநாதைகளைச் சோதித்து, பக்குவம் கண்ட பின்பே அவர்கள் பொருளை ஒப்படைக்கச் சொல்கிறது. நம் பிள்ளைகளையும் அப்படியே படிப்படியாகப் பழக்குவோம்.

1. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கடை வாடகையும் கொள்முதல் பாக்கியும் நம் தலையில்தான் விழும். இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையோடு, வட்டிக் கடன் இல்லாமல் தொடங்குவோம்.

2. நாம் தருவது அன்பளிப்பா, கடனா, பங்கா? முதல் நாளே எழுதி வைப்போம். கடனை எழுதச் சொல்லும் அல்பகரா 282-ஆம் வசனம் வாப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்துத்தான்.

3. 10 வயது நிரம்பியவர் தாமே சேமிப்புக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி விதிகள் இடமளிக்கின்றன. தொழில் பணத்தை வீட்டுச் செலவோடு கலக்க வேண்டாம்.

4. 14 வயதுக்கு உட்பட்டவர் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் மட்டுமே குடும்பத் தொழிலில் உதவலாம். ஆபத்தான வேலை கூடாது.

பிள்ளை ஈட்டிய லாபம் நம் கையில் அமானத். அதைக் கேட்காமல் எடுக்கும் வீட்டில் நேர்மையான வியாபாரி உருவாவது கடினம்.