கடல் கடந்த வகுப்பறை
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

சென்ற செப்டம்பர் திங்களில் ஒரு நாள், பிற்பகல் 1.30 மணிக்கு, எங்கள் கணிப்பொறி அறையின் திரையில் பிரான்ஸ் நாட்டுச் சிறுமியர் சிலர் தோன்றினர. அங்கே அப்பொழுது காலை 10 மணி. முதல் பத்து நிமிடங்கள் “கேட்கிறதா? கேட்கிறதா?” என்பதிலேயே கழிந்தன. பின்பு நாங்கள் ஈஃபல் கோபுரத்தைப் பற்றிக் கேட்டோம். அவர்களில் பாதிப்பேர் அதை நேரில் கண்டதே இல்லையாம்! அவர்கள் எங்களிடம் யானையைப் பற்றிக் கேட்டனர். சிரிக்க நினைத்த நாங்கள், 2022 நவம்பரில் இறந்த மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமிக்காக ஊரே அழுததைச் சொன்னோம். இரு பக்கமும் அமைதியாகிவிட்டது.

இவ்வாறு பள்ளியோடு பள்ளி பேசுவது இணையத்தோடு பிறந்த வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். சிஸ்டர் படிக்கச் சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று.

தென் பிரான்சில் பார்-சுர்-லூ என்னும் சிற்றூரில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்றவர். நெடுநேரம் பேச இயலாதவர். அவர் 1924இல் ஒரு சிறு அச்சுப்பொறியை வகுப்பிற்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் கண்டதை எழுதி, தாமே எழுத்துக் கோத்து அச்சடித்தனர். பின்னர் அத்தாள்கள் அஞ்சல் வழியே நாட்டின் மறுகோடியில், பிரித்தானிக் கடற்கரையிலுள்ள பள்ளிக்குச் சென்றன, அங்கிருந்தும் வந்தன. ஒவ்வோர் எழுத்தாகக் கோக்க வேண்டுமென்றால் எவரும் வெட்டிப்பேச்சு எழுதமாட்டார்கள் என்பது எங்கள் கருத்து.

1988இல் அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைமை பாராட்டிய காலத்திலேயே, நியூயார்க் மாநிலப் பள்ளிகள் பன்னிரண்டும் மாஸ்கோ பள்ளிகள் பன்னிரண்டும் கணிப்பொறி வழியே இணைக்கப்பட்டன. ‘ஐஎர்ன்’ என்னும் அவ்வமைப்பு பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பேராசிரியர் சுகதா மித்ரா, காளிக்குப்பம் என்னும் சிற்றூரில் பொதுவிடத்தில் கணிப்பொறியை வைத்து, உயிரியல் பாடத்தை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுச் சென்றார். ஆசிரியர் இல்லாமலேயே பிள்ளைகள் ஓரளவு கற்றனர். பிறகு, பாடம் அறியாத ஓர் உள்ளூர்ப் பெண், பாட்டியைப் போல் பின்னால் நின்று “அப்படியா! எப்படிச் செய்தாய்?” என்று வியந்ததாலேயே மதிப்பெண் மேலும் உயர்ந்ததாம். 2009 முதல் இங்கிலாந்துப் பாட்டிமார் பலர், அப்போதிருந்த ஸ்கைப் வழியே இந்தியப் பிள்ளைகளுடன் கதை பேசினர். எங்கள் வீட்டுப் பாட்டிகளுக்கு இச்செய்தி மிகவும் பிடித்துவிட்டது.

இனி எங்கள் தோல்வியைச் சொல்லவேண்டும். கூபேர் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவகத்தின் படத்தைத் திரையில் காட்டினோம். “எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உள்ளது. ஆனால் உங்கள் ஊர் மக்கள் எங்கள் நாட்டுப் போருக்கு ஏன் வந்தார்கள்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். 1954 நவம்பர் 1, 1962 ஆகஸ்டு 16 ஆகிய விடுதலைத் தேதிகள் எங்களுக்கு மனப்பாடம். அந்தக் கேள்விக்கோ விடையில்லை. மாலைதோறும் அவ்விடத்தில் சுண்டல் தின்றவர்கள்தாம் நாங்கள்!

பொதுத் தேர்வு முடிந்தபின் அவர்களோடு மீண்டும் பேசவிருக்கிறோம். அதற்குள், பெற்றோர்களே, உங்களில் எவர் வீட்டிலாவது சொல்தா தாத்தாவின் கடிதமோ புகைப்படமோ இருப்பின், அன்புகூர்ந்து எங்கள் வகுப்பிற்குக் காட்டி உதவுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.