குறையாமலும் மிகாமலும்

சமன்பாடுகளைத் தீர்க்க நன்கு பழகிய மாணவரும், சொற்கணக்கில் அசமன்பாடு வந்தவிடத்து இடர்ப்படக் காண்கின்றோம். கூட்டலும் பெருக்கலும் அவர்க்கு இடர் செய்வன அல்ல. வினாவின் சொற்களைக் குறியாக மாற்றுமிடத்தும், கண்ட விடையை மீண்டும் வினாவோடு பொருத்துமிடத்துமே பிழை நேருகின்றது. ஆதலின் அவ்விரண்டையும் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இரண்டு அளவுகள் தம்முள் சமம் என்பது சமன்பாடு. ஒன்று மற்றொன்றினும் பெரிது அல்லது சிறிது என்பது அசமன்பாடு. >, < என்னும் குறிகள், 1621-ல் காலஞ்சென்ற ஆங்கிலேயக் கணித வல்லுநர் தாமஸ் ஹாரியட் என்பாரின் நூல் 1631-ல் அச்சேறியபோது வெளிவந்தன. சமமாதலையும் உடன் தழுவும் குறிகளைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1734-ல் வழங்கினார். அவற்றை இன்று ≥, ≤ என எழுதுகின்றோம்.

இனிச் சொற்களை நோக்குவோம். ‘பத்துக்கு மேற்பட்ட’ என்பதற்குக் குறி >. ‘பத்துக்குக் குறைந்த’ என்பதற்கு <. இவற்றுள் பத்து அடங்காது. ‘பத்துக்குக் குறையாமல்’ என்பதற்குக் குறி ≥. ‘பத்துக்கு மிகாமல்’ என்பதற்கு ≤. இவற்றுள் பத்தும் அடங்கும். ‘குறையாமல்’ என்பதிலே ‘குறை’ என்னும் பகுதியை மட்டும் கண்டு < என எழுதிவிடுவார் பலர். அது எதிர்மறை வினையெச்சம் என்று இலக்கண வகுப்பிற் கற்றதைக் கணக்கு வகுப்பில் மறந்தால், குறி தலைகீழாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: வெள்ளம் சூழ்ந்ததோர் ஊரினின்று 93 பேரை ஒரே படகால் அக்கரை சேர்த்தல் வேண்டும். படகின் பாரம் 800 கிலோகிராமுக்கு மிகலாகாது. படகோட்டிகளும் அவர்தம் கருவிகளும் சேர்ந்து 170 கிலோகிராம். ஏறுவோர் ஒவ்வொருவரும் 65 கிலோகிராம் எனக் கொள்க. ஒரு நடைக்கு எத்தனை பேர் ஏறலாம்? எத்தனை நடை வேண்டும்?

ஒரு நடைக்கு ஏறுவோர் ‘ப’ எனின், 170 + 65ப ≤ 800. ஆகவே 65ப ≤ 630. ப ≤ 9.69. அண்மையிலுள்ள முழு எண் 10 எனக் கொள்வோமாயின், பாரம் 820 கிலோகிராம் ஆகும். எல்லை கடந்த படகு கவிழவுங் கூடும். ஆதலின் விடை 9. இனி நடைகள் ‘ந’ எனின், 9ந ≥ 93; ந ≥ 10.33. இங்கு அண்மையிலுள்ள முழு எண் 10. ஆயின் பத்து நடையில் 90 பேரே கரை சேர்வர். மூவர் வெள்ளத்திடையே நிற்பர். ஆதலின் விடை 11. முன்னதிற் பின்னத்தை விட்டோம். பின்னதில் அதனை முழுதாக்கினோம். எதனைச் செய்வது என்பதை வினாவின் பொருளே கூறும்; பொது விதி ஒன்றுமில்லை.

மற்றொன்று: ஒரு விடுதியில் 300 கிலோகிராம் அரிசி உள்ளது. நாள்தோறும் 14 கிலோகிராம் செலவாகும். இருப்பு 60 கிலோகிராமுக்குக் குறையாமல் எத்தனை நாள் நடத்தலாம்? நாள்கள் ‘த’ எனின், 300 − 14த ≥ 60. அதாவது −14த ≥ −240. இருபுறமும் −14 ஆல் வகுக்குங்கால் குறி திரும்பும். த ≤ 17 1/7. திரும்புவது ஏன் எனின், 5 > 3 ஆயினும் −5 < −3 ஆதலால் என்க. ஐந்து ரூபாய் கடனுடையவன் மூன்று ரூபாய் கடனுடையவனினும் வறியன் அன்றோ! குறியைத் திருப்ப மறந்தால், பதினெட்டாம் நாள் முதல் எத்தனை நாளாயினும் இருப்புக் குறையாது என்னும் பொருந்தா விடை கிட்டும். உண்மையில் 17 நாளுக்குப்பின் 62 கிலோகிராம் எஞ்சும். 18 நாளுக்குப்பின் 48 மட்டுமே எஞ்சும்.

இக்கணக்குகள் வகுப்பறையோடு நின்றன அல்ல. ஒருவர்க்கு வேண்டும் ஒன்பது வகைச் சத்துக்களும் அளவிற் குறையாமல், 77 உணவுப்பொருள்களினின்று மிகக் குறைந்த செலவில் உணவமைப்பது எங்ஙனம் என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945-ல் ஆராய்ந்து, ஆண்டுக்கு 39.93 டாலர் எனக் கணித்தார். 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்ட புதுமுறையால் அதே கணக்கைத் தீர்த்தபோது 39.69 டாலர் என வந்தது. ஸ்டிக்ளரின் மதிப்பு அத்துணை அண்மையில் இருந்தமை வியக்கத்தக்கது.

மாணவர்காள்! விடை கண்டபின் எல்லைக்கு உள்ளே ஓர் எண்ணையும் வெளியே ஓர் எண்ணையும் வினாவில் இட்டுச் சோதிக்க. பழகுதற்கு ஒன்று தருகின்றோம்: மூன்று தேர்வுகளில் 52, 61, 48 மதிப்பெண் பெற்றவன், நான்கின் சராசரி 55-க்குக் குறையாமலிருக்க நான்காவதில் எவ்வளவு பெறல் வேண்டும்? ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பெண் நூற்றுக்கு மிகாது என்பதையும் மறவாது எழுதுக.