பெண்டீன்: சுரங்கம் மூடிய பின்னும் நிலைத்திருக்கும் ஒரு கிராமம்



மரபுரிமை என்றதும் அரண்மனைகள், கோட்டைகள், வழிபாட்டுத் தலங்கள் என்பனவே உங்கள் நினைவுக்கு வரும். சாதாரண தொழிலாளர் உழைத்த இடங்களும் மரபுரிமையே. இதனை ஒரு சிறு கிராமத்தை உதாரணமாகக் கொண்டு நோக்குவோம்.

1. அமைவிடமும் கனிய வளமும்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கோர்ன்வோல் பிரதேசம் உள்ளது. அங்கு அத்திலாந்திக் சமுத்திரக் கரையோரமாக அமைந்த கிராமமே பெண்டீன் ஆகும். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதியில் நிலத்தின் கீழே பாறைக்குழம்பு குளிர்ந்து கருங்கல்லாக மாறியது. அப்போது பாறை வெடிப்புகளினூடாகச் சென்ற சூடான திரவங்கள் வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தாதுக்களைப் படியவிட்டன. இத்தாதுப் படிவுகள் கடலின் அடியிலும் தொடர்ந்து செல்கின்றன.

2. சுரங்கத் தொழிலின் வளர்ச்சி

ஆழமான சுரங்கங்களில் பெரும் பிரச்சினையாக இருந்தது நீர். அதனை இறைப்பதற்கு நீராவி எந்திரம் பயன்பட்டது. கோர்ன்வோலைச் சேர்ந்த றிச்சட் ட்ரெவிதிக் உயர் அமுக்க நீராவி எந்திரத்தை விருத்தி செய்தார். கைத்தொழில் புரட்சியில் இப்பிரதேசம் வகித்த பங்கு இதனால் விளங்கும்.

பெண்டீன் அருகேயுள்ள லெவன்ற் சுரங்கம் கடலின் அடியில் ஒரு மைல் வரை சென்றது. ஆண்கள் நிலத்தின் கீழ் வேலை செய்தனர். பெண்களும் சிறுமியரும் நிலத்தின் மேல் சுத்தியலால் தாதுக் கற்களை உடைத்தனர்.

3. 1919ஆம் ஆண்டு விபத்து

லெவன்ற் சுரங்கத்தில் தொழிலாளர் ஏறி இறங்குவதற்கு, மேலும் கீழும் அசையும் நீண்ட மரத்தண்டு ஒன்று இருந்தது. அதிலிருந்த படிகளில் நின்றபடி அவர்கள் பயணம் செய்தனர். 1919 ஒக்டோபர் 20ஆம் திகதி வேலை முடிந்து மேலேறிக்கொண்டிருந்தபோது, தண்டை எந்திரத்துடன் இணைத்த இரும்புப் பகுதி முறிந்தது. 31 பேர் உயிரிழந்தனர். ஒரு சிறிய பிரதேசத்தில் ஒரே நாளில் இத்தனை குடும்பங்கள் உழைப்பவரை இழந்தன. அத்தண்டு மீண்டும் அமைக்கப்படவில்லை. சுரங்கத்தின் ஆழமான பகுதிகள் கைவிடப்பட்டன. 1930இல் லெவன்ற் மூடப்பட்டது.

4. வீழ்ச்சி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பின் விலை வீழ்ந்தபோது, கோர்ன்வோல் தொழிலாளர் பலர் அவுஸ்திரேலியா, மெக்சிக்கோ, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தனர். பெண்டீனில் எஞ்சியிருந்த கீவர் சுரங்கமும் 1990இல் மூடப்பட்டது.

கவனிக்க: "தாது தீர்ந்ததால் கீவர் மூடப்பட்டது" என எழுதுவது தவறு. 1985 ஒக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தமையே பிரதான காரணம். நிலத்தின் கீழ் வளம் இருந்தும், தொலைவிலுள்ள சந்தையின் விலை ஒரு கிராமத்தின் வாழ்வாதாரத்தைப் பறித்துவிடலாம் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள்.

5. மரபுரிமையாகப் பாதுகாத்தல்

• 1935இல் லெவன்றின் பழைய நீராவி எந்திரம் அழிக்கப்படாமல் காப்பதற்கு ஆர்வலர்கள் குழுவொன்றை அமைத்தனர். பிற்காலத்தில் தொண்டர்கள் அதனைத் திருத்தி மீண்டும் நீராவியில் இயக்கினர்.
• 1993இல் கீவர் சுரங்கம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முன்னர் அங்கு வேலை செய்தவர்களில் சிலர் பார்வையாளருக்கு வழிகாட்டிகளாயினர்.
• 2006இல் யுனெஸ்கோ, கோர்ன்வோல் மற்றும் மேற்கு டெவன் சுரங்க நிலத்தோற்றத்தை உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தியது. அது 10 பகுதிகளைக் கொண்டது.

அருங்காட்சியகம் சிலருக்கு வேலை தருகின்றது. ஆயினும் சுரங்கம் தந்த அளவு வேலையை அது தரமாட்டாது. விடை எழுதும்போது இரு பக்கங்களையும் காட்டுங்கள்.

பயிற்சி

(i) ஆழமான சுரங்கங்களுக்கு நீராவி எந்திரம் அவசியமானது ஏன்? (2 புள்ளிகள்)
(ii) கீவர் சுரங்கம் மூடப்பட்டமைக்கான பிரதான காரணத்தை விளக்குக. (3 புள்ளிகள்)
(iii) "தொழிலாளர் உழைத்த இடங்களும் பாதுகாக்கப்பட வேண்டியவை." இரு காரணங்கள் தந்து ஆராய்க. (5 புள்ளிகள்)

குறிப்பு: (iii)இற்குத் தொழினுட்ப முக்கியத்துவத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அங்கு உழைத்தவர்களையும், உயிரிழந்த 31 பேரையும் நினைவுகூருவதும் ஒரு காரணமே.